வேப்பிலை கட்டாத இரண்டரை நாள்

நம் கட்டடத்தின் மற்ற பதினொரு வீட்டாருக்கும்,

மூன்றாம் மாடி கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரி எழுதுகிறேன். இதை ஒவ்வொரு வாசலிலும் நேரில் நின்று சொல்லியிருக்க வேண்டும். அம்மை இறங்கிய வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுப் படி ஏறக்கூடாது என்று என் மாமியார் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி மறிக்கிறார். அதற்குள் மாடிப்படியில் எங்களைப் பற்றிய கதை ஏழெட்டு ஏறி இறங்கிவிட்டது. தட்டம்மை என்று ஒருவர், ஏதோ புதுக் காய்ச்சல் என்று ஒருவர், பையனைச் சமயபுரத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறோம் என்றுகூட ஒருவர். காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். நாள் போட்டு வரவு செலவு எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும். அப்படியே எழுதிவிடுகிறேன். செலவுப் பக்கம்தான் கனமாக இருக்கும்.

இந்த மாசிக் கடைசி எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். விடியற்காலையில் கொள்ளிடக் கரைப் பக்கமிருந்து பனி இறங்கி, மொட்டை மாடியில் மறந்துபோன துணியெல்லாம் பிழிந்தால் சொட்டுகிற ஈரம். பத்து மணிக்குக் காவிரி மணல் அடுப்பு. மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12 வரைக்கும் நமக்கு ஆறு என்பது மணல்தானே. முன்னிரவில் மின்விசிறி வேண்டும், பின்னிரவில் போர்வை வேண்டும். பின்பனி முடிந்து சித்திரையில் இளவேனில் பிறக்கும் என்று பாடப் புத்தகத்தில் என் பெரிய மகள் படிக்கிறாள். திருவானைக்காவலில் அந்த இரண்டுக்கும் நடுவே இருமல் என்று ஒரு பருவம் உண்டு. அதை யாரும் புத்தகத்தில் போடவில்லை. வீட்டில் எல்லாரும் இருமிக்கொண்டிருந்தோம். அதனால்தான் வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் சட்டையைத் தூக்கி, "அம்மா, எறும்பு கடிச்சிருக்கு" என்று நெஞ்சைக் காட்டியபோது, தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பத்து. வெந்த சவ்வரிசியை அங்கங்கே ஒட்டிவைத்த மாதிரி, உள்ளே நீர் தளும்ப, சுற்றிலும் சிவப்பு. அத்தை பல் தேய்த்துக்கொண்டே வந்தவர் கதவு நிலையிலேயே நின்றுவிட்டார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்திருக்கா" என்றார். அடுத்த வார்த்தை, "சட்டியை இறக்கு." அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

பூச்சொரிதலுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நம் சாலையில் மஞ்சள் புடவையும் மஞ்சள் வேட்டியுமாக ஜனங்கள் கொள்ளிடம் பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்கள். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கிப் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள், பக்தர்களுக்காகச் சமயபுரத்தாளே பச்சைப் பட்டினி கிடக்கிற காலம். சமைத்த நைவேத்தியம் கிடையாது; துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர் இவ்வளவுதான். "அவளே பட்டினி கிடக்கப் போறா, உம் மகளுக்குத் தாளிச்ச சாம்பார் கேக்குதோ" என்று அத்தை கேட்டபோது, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெரியவள் தலை நிமிரவே இல்லை. அவளுக்குப் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு தொடங்க ஐந்தே நாள்.

அத்தை அடுத்து என்னைத் தெருமுனை வேம்பில் கொத்து ஒடித்துவந்து வாசலில் கட்டச் சொன்னார். இங்கேதான் என் கணக்கு தப்ப ஆரம்பித்தது.

"வேணாம் அத்தை. நாலு பேர் பாப்பாங்க."

"நாலு பேர் பாக்கத்தாண்டி கட்டுறது."

நான் கட்டவில்லை. பையன் படுத்திருந்த பாயைச் சுற்றி மட்டும் கொத்துகளைப் போட்டுவிட்டு, வாசல் கதவைச் சாத்தினேன். காரணத்தை உள்ளபடி சொல்கிறேன். நம் கட்டடத்தில் எங்கள் வீட்டையும் சேர்த்து மூன்று வீட்டில் பரீட்சைப் பிள்ளைகள். பெரியவள் இரண்டாம் மாடி டீச்சர் வீட்டில் கணக்கு டியூஷன் போகிறாள். கடைசி ஐந்து நாளில் அதை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை முதல் மாடி மருமகளுக்கு வளைகாப்பு. ஐந்து சாதமும் நான் செய்து தருவதாக ஒரு மாதத்துக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் முன்னால் என் புளியோதரைக்கு ஒரு பேர் உண்டு என்கிற அகந்தையும் இருந்தது. இருந்ததை இல்லை என்று எழுத மாட்டேன்.

வெள்ளி சாயங்காலம் டாக்டரிடம் காட்டினோம். பார்த்ததும் சின்னம்மை என்றார். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே பிள்ளை பிறருக்கு ஒட்டிவிடும், எல்லாம் காய்ந்து பொருக்கு கட்டும்வரை அது நிற்காது என்றார். தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டார். அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது. பதினைந்தாம் மாதத்தில் போடவேண்டிய ஊசி. பையனுக்குப் பதினைந்தாம் மாதம் வந்தது 2020 ஏப்ரலில், ஊரே அடைத்துக் கிடந்தபோது. திறந்த பிறகு மறந்துபோனோம். அரசு இலவசமாகப் போடும் ஊசிப் பட்டியலில் இது இல்லாததால் நினைவுபடுத்தச் செவிலியர் யாரும் வாசலுக்கு வரவும் இல்லை. பெரியவளுக்கு முதல் ஊசி போட்டிருந்தது, இரண்டாவது இல்லை.

எழுந்திருக்கும்போது டாக்டர் கேட்டார்: "வீட்டில கர்ப்பிணிப் பெண் யாராவது இருக்காங்களா?"

"எங்க வீட்டில இல்ல டாக்டர்."

பொய் இல்லை. எங்கள் வீட்டில் இல்லைதான். புதன், வியாழன் இரண்டு சாயங்காலமும் என் பையன் முதல் மாடியில் அந்தப் பெண்ணின் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறான். அவள் தட்டிலிருந்தே முறுக்கு எடுத்துத் தின்றிருக்கிறான். அது எனக்குத் தெரியும். தெரிந்தே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

இரண்டாவது ஊசி விஷயத்தை டாக்டர் அழுத்திச் சொன்னார். அம்மை வந்த பிள்ளையோடு கலந்து பழகிய மூன்று நாளுக்குள், போனால் ஐந்து நாளுக்குள் ஊசி போட்டால், வராமல் தடுக்கவும் வாய்ப்புண்டு, வந்தாலும் லேசாகப் போகும். சனிக்கிழமை காலையில் பெரியவளை அழைத்துப்போய் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் போட்டுவந்தோம். என் பிள்ளைக்கு அந்த ஐந்து நாளில் ஒன்றுகூட வீணாகாமல் பார்த்துக்கொண்டேன். அவனோடு மாடிப்படியில் சைக்கிள் டயர் உருட்டிய உங்கள் பிள்ளைகளுக்கும் அதே ஐந்து நாள்தான் இருந்தது. அதில் இரண்டரையை நான் என் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். வேறு எதை மன்னித்தாலும் இதை மன்னிக்க யோசிப்பீர்கள், யோசியுங்கள்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் புளியை ஊறப்போட்டேன். ஆமாம், அப்போதும் அனுப்புவதாகத்தான் எண்ணம். பையனை ஓர் அறையில் வைத்தாயிற்று, சமையல் என் கை, என் கையில் ஒன்றும் இல்லை, எனக்குச் சின்ன வயசிலேயே வந்து போய்விட்டது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். கடலைப்பருப்பும் மிளகாயும் எடுத்துவைத்து, கடுகு டப்பாவைத் திறந்து, தாளிக்கிற கரண்டிக்குக் கையை நீட்டினால் ஆணியில் இல்லை. அத்தை அடுக்களை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கரண்டி மடியில்.

"அம்மை வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது."

"வளைகாப்புக்கு ஒப்புக்கிட்டேன் அத்தை. காலையில அம்பது பேர் வருவாங்க."

"ஒப்புக்கிட்டவ இறங்கிப் போய்ச் சொல்லு, ஆத்தா வந்திருக்கான்னு. இந்த வீட்டுச் சோறு அந்தப் புள்ளத்தாச்சி வீட்டுக்குப் போகாது."

எனக்கு அத்தையின் சாத்திரம் எல்லாவற்றிலும் நம்பிக்கை கிடையாது. கடுகு வெடித்தால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை. எண்ணெய்ப் புகையும் கார நெடியும் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஆகாது என்று வேண்டுமானால் நினைப்பேன். ஆனால் டாக்டரின் கேள்விக்கு முன்னால் நழுவிய என்னால், அந்தக் கரண்டிக்கு முன்னால் நழுவ முடியவில்லை. தாளிக்காத புளியோதரை எந்த ஊரிலும் இல்லை.

ராத்திரியோடு போய்ச் சொல்லத் தைரியம் வராமல், ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு முதல் மாடி வாசலில் எட்டி நின்று சொன்னேன். அந்த வீட்டு மாமி என்னைப் பேசியதை நீங்கள் சிலர் கேட்டிருப்பீர்கள். அத்தனையும் எனக்குச் சேரவேண்டியதுதான், வட்டியோடு. விழாவை அவர்களால் தள்ளிவைக்க முடியவில்லை. குளித்தலையிலிருந்து சம்பந்தி வீட்டார் கிளம்பி ஆகிவிட்டது. சாப்பாட்டை ஹோட்டலில் சொன்னார்கள். வளையல் அடுக்குகிற சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது.

சின்னம்மை கர்ப்பிணிக்கு வந்தால் நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. பிரசவத்தை ஒட்டி வந்தால் குழந்தைக்கும் ஆபத்து. உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த தடுப்பூசி என்பதால் கர்ப்பத்தில் அதைப் போடவும் முடியாது. ஏற்கெனவே உடம்பில் எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் சில நாளுக்குள் வேறு வகை ஊசி, விலையும் கிடைப்பதும் பெரும்பாடு. முதல் மாடி மருமகள் திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தாள். புதன்கிழமை முடிவு. நடுவே இரண்டு ராத்திரி. அவளுடைய அம்மா, மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது மகளுக்கு வந்து போனதாக நினைவு என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அது அம்மையா, வேனல் கட்டியா என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லையாம். எதிர்ப்பு இருக்கிறது என்று முடிவு வந்தது. செய்தியை அவளேதான் ஜன்னல் வழியாக மேலே பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு காலை வாசலில் கட்டிய வேப்பிலை இன்னும் இருக்கிறது. வாடியதை எடுத்துவிட்டு அத்தை புதுக்கொத்து மாற்றுகிறார்.

பையனைப் பற்றி. மூன்றாம் நாள் தலைமுடிக்குள், காதுமடலில், உள்நாக்கில்கூட வந்துவிட்டது. ஒரே உடம்பில் ஒரு பக்கம் புதிது கிளம்பும், ஒரு பக்கம் பழையது பொருக்கு கட்டும். வயிற்றில் மட்டும் பால்பாயிண்ட் பேனாவால் நம்பர் போட்டு 63 வரை எண்ணினான்; மேலே போகவிடாமல் பேனாவைப் பிடுங்கினோம். "ஆத்தாவுக்கு எத்தனை நாள் லீவு?" என்று பாட்டியிடம் கேட்டான். மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் என்றார். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, அரிக்கிற இடத்தில் வேப்பங்கொத்தால் தடவிவிட்டோம். டாக்டர் தந்த இளஞ்சிவப்புக் களிம்பும்தான். இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

காய்ச்சல் மருந்தில் ஒரு விபத்து தப்பியது. பிள்ளை வைத்திருக்கும் எல்லாரும் இதைப் படித்துவிட்டுப் போய் அலமாரியைப் பாருங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளது ஒரு வகை, 250 உள்ளது ஒரு வகை. எங்கள் வீட்டில் பழைய புட்டி முதல் வகை, புதியது இரண்டாவது. இரண்டும் ஒரே ஆரஞ்சு. மின்சாரம் போன ராத்திரியில் என் வீட்டுக்காரர் கைப்பேசி வெளிச்சத்தில் பழைய அளவிலேயே புதிய மருந்தை ஊற்றிவிட்டார். பிள்ளையின் எடைக்கு அது இரட்டிப்பு. பெரியவள்தான் லேபிளைப் படித்துத் தடுத்தாள். அதே டப்பாவில் அத்தை இதயத்துக்குப் போடுகிற ஆஸ்பிரின் மாத்திரையும் கிடந்தது. அம்மை போட்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் அரிதாகக் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஒரு நோய் வரும். டப்பாவை அன்றே இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

அடுத்தது மழை நாள். செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே புழுக்கம். ஒரு மாதிரி வேர்வை, துடைத்தால் திரும்ப வரும் வேர்வை. கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று காய்ந்த மண்ணின் சூட்டில் முட்டினால் நம் ஊரில் சாயங்காலம் இப்படித்தான் இடி கட்டும். மொட்டை மாடியில் உங்கள் ஏழு வீட்டுக் கூழ்வடகம் பழைய வேட்டிகளில் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு மேற்கே கறுத்துத் தூசி எழும்பியபோது மாடியில் ஆள் இல்லை. பரீட்சைக்குப் போன பெரியவள் திரும்பவில்லை, நான் மண்டியில். அத்தை ஏறியிருக்கிறார். ஆறு வேட்டியைச் சுருட்டிப் படிக்கட்டுத் தலைப்பில் போட்டுவிட்டார். ஏழாவதைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, காற்றில் வந்து விழுந்திருந்த வேப்பம்பூவும் முதல் தூறலும் சேர்ந்து வழுக்கிவிட்டது. வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். எழுபத்துமூன்று வயது எலும்பு. மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியவர் முதல் மாடி மாமி. ஒன்பது நாளைக்கு முன்னால் என்னைப் பேசிய அதே மாமி. மழையில் ஆட்டோ கிடைக்காமல், கீழ்வீட்டு அண்ணன்தான் தன் மூட்டை வண்டியில் பலகை போட்டு உட்காரவைத்துக் கொண்டுபோனார். அம்மை வீட்டு ஆளாயிற்றே என்று இருவரும் யோசிக்கவில்லை. எனக்கு மண்டிக்குப் போன் வரும்போது எக்ஸ்ரேயே எடுத்தாயிற்று.

அந்த வடகத்தைச் சாப்பிடலாமா என்று ஒரு வீட்டில் பேச்சு நடந்ததாகக் கேள்வி. அத்தைக்கு அம்மை இல்லை. இருந்திருந்தாலும் கொதிக்கிற எண்ணெயில் வடகம் பொரியும்போது எந்தக் கிருமி பிழைக்கும்? வேண்டாம் என்பவர்கள் எங்களிடம் கொடுத்துவிடுங்கள். பத்து நாளாகத் தாளித்த சாப்பாடு காணாத இரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள்.

கை கட்டோடு படுத்திருக்கும் அத்தையிடம் ராத்திரியில் பேச்சுக் கொடுத்தேன். துறையூர்ப் பக்கம் அவர் சிறுமியாக இருந்தபோது பார்த்தது பெரியம்மை. இந்தியாவில் அது கடைசியாகக் கண்டது 1975-ல்; உலகத்திலேயே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது. அவர் மேல்கையில் அம்மை குத்திய தழும்பு இரண்டு, பழைய காலணா அளவில் இருக்கும். வேப்பிலை கட்டிய வீட்டுப் பக்கம் தெருப்பிள்ளைகள் போகக்கூடாது, விசேஷத்துக்கு அந்த வீட்டார் வரமாட்டார்கள், அந்த வீட்டிலிருந்து சாமான் எதுவும் வெளியே வராது. இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாததை அன்றைக்குச் சொன்னார். விடிந்தால் அந்த வீட்டுத் திண்ணையில் யாராவது இளநீர் வைத்திருப்பார்களாம். கம்மங்கூழ், ஒரு படி மோர், உரித்த நுங்கு. வைத்தது யார் என்று கேட்கமாட்டார்கள். "கட்டுனா வைக்கணும்ல" என்றார் அத்தை. கட்டாதவன் வீட்டுக்கு எப்படி வைப்பது என்று அவர் கேட்காவிட்டாலும் எனக்குக் கேட்டது.

நமக்கு வேறு ஒரு நினைவு இருக்கிறது. 2020-ல் கொரோனாவின்போது இரண்டாம் மாடி வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்களே. பிறகு அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படிக் கண்டபடி ஒட்டக்கூடாது என்றது. அதற்குள் அந்தக் குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது. கோந்துத் தழும்பு கதவில் இன்னும் இருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் நாம் பால் பாக்கெட்டைக்கூடத் துடைப்பத்தால் தள்ளிவிட்டோம். நானும் தள்ளினேன். வெள்ளிக்கிழமை காலையில் அத்தை வேப்பிலை என்றதும் என் கண்ணில் வந்தது அந்த ஸ்டிக்கர்தான். நம் கையால் நாமே கட்டுவதும் இன்னொருவன் வந்து ஒட்டிவிட்டுப் போவதும் ஒன்றல்ல என்று இப்போது விளங்குகிறது, அப்போது விளங்கவில்லை. இது சாக்கு அல்ல. ஆனால் யார் வீட்டிலும் பிள்ளைக்குக் கொப்புளம் கிளம்பினால் முதலில் கதவைச் சாத்தத் தோன்றுவதற்கு நம் எல்லாருடைய துடைப்பத்துக்கும் பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பெரியவள் படி இறங்கும்போது இரண்டு கதவு சாத்திக்கொண்டதையும் அவள் பார்த்திருக்கிறாள். டீச்சர் மட்டும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் அவளை ஆறடி தள்ளி உட்காரவைத்து, தானும் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு கணக்குப் பாடத்தை முடித்துக் கொடுத்தார். அவருக்குத் தனியாக நன்றி எழுத வேண்டும், பரீட்சை முடியட்டும்.

ஒரு விஷயம் படித்தேன், சொல்கிறேன். மிச்சியாக்கி தக்காஹாஷி என்ற ஜப்பானிய மருத்துவர் 1964-ல் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருந்தபோது, அவருடைய மூன்று வயது மகனுக்கு ஒரு தோழியிடமிருந்து சின்னம்மை ஒட்டிக்கொண்டது. பையன் மூச்சுத் திணறிய ராத்திரிகளில் அவரும் மனைவியும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பத்து வருஷத்தில், 1974-ல், அவர் உருவாக்கியதுதான் இந்தத் தடுப்பூசி. என் பையன் புத்தகத்தில் வெள்ளையாகக் கிடந்தது அந்தக் கட்டம்தான். எந்தப் பிள்ளை கொடுத்தது என்று அவர் சண்டைக்குப் போனதாக எங்கும் படிக்கவில்லை. என் பையனுக்கு யார் கொடுத்தார்கள் என்று நானும் தேடவில்லை. ஒட்டியதிலிருந்து கிளம்புவதற்குப் பத்து முதல் இருபத்தொரு நாள் ஆகும்; அவ்வளவு பின்னால் போய் யாரை மறிப்பது?

அந்தப் பத்தும் இருபத்தொன்றும்தான் இப்போது எங்கள் வீட்டு நாள்காட்டி. பையனுக்கு எல்லாம் பொருக்கு கட்டி உதிர்ந்துகொண்டிருக்கிறது. இனி அவன் யாருக்கும் ஒட்டமாட்டான். பெரியவளுக்குக் கெடு ஓடுகிறது. தினம் காலையில் முதுகைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் பரீட்சைக்குக் கிளம்புகிறாள். பள்ளியில் சொல்லிவைத்திருக்கிறோம், கொப்புளம் தெரிந்தால் தனி அறையில் உட்கார்ந்து எழுதலாம் என்றார்கள். இன்றுவரை ஒன்றும் இல்லை. தெரிந்தால் அந்த மணி நேரத்திலேயே உங்களுக்குத் தெரியும்.

எப்படி என்றால், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் தொங்குகிற கரும்பலகையில். மோட்டார் போடும் நேரமும் தண்ணீர் லாரி வரும் நாளும்தானே அதில் எழுதுகிறோம். கீழே பாதி இடம் காலியாக இருக்கிறது. "3 கிழக்கு: பையனுக்குச் சின்னம்மை, பொருக்கு உதிர்கிறது. மகளுக்கு இன்னும் இல்லை. அத்தைக்குக் கை முறிவு" என்று எழுதி வைத்திருக்கிறேன். வேப்பிலை கட்டப் பிடிக்காதவர்கள் அங்கே ஒரு வரி எழுதலாம். பேர் வேண்டாம் என்றால் மாடி மட்டும் போடுங்கள். எல்லா நோயையும் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருடைய மாத்திரைச் சீட்டையும் யாரும் கேட்கப்போவதில்லை. ஒட்டுகிறது, பிள்ளைகளிடம் பரவுகிறது, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஆகாதது, இவ்வளவு போதும். பொன்னுக்குவீங்கி வந்தாலும் அப்படியே. கன்னம் வீங்கிய பிள்ளைக்கு மப்ளர் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய வீடு நம் கட்டடத்திலேயே உண்டு, எது என்று நான் சொல்லமாட்டேன்.

பலகையில் எழுதிய வீட்டுக்கு இளநீர் வைப்பீர்களா, துடைப்பம் எடுப்பீர்களா என்பது உங்கள் பாடு. நான் துடைப்பம் எடுத்தவள் என்பதால் அதில் எனக்குப் பேச வாய் கிடையாது.

மற்றபடி சில்லறை விஷயங்கள். வருகிற ஞாயிறு காலை பையனுக்கு மூன்றாம் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட அண்டா மொட்டை மாடியில் வெயிலில் இருக்கும், யாரும் கொட்டிவிட வேண்டாம். மழை நாளில் கலந்துபோன வடக வேட்டிகளில் நீலக்கரை போட்டது ஒன்று உரியவர் தெரியாமல் எங்களிடம் இருக்கிறது. துவைத்துப் படிக்கட்டுக் கம்பியில் போட்டிருக்கிறேன். முதல் மாடி மாமிக்கு: சனிக்கிழமை ஊறப்போட்ட அந்தப் புளியைக் கொட்டவில்லை, கரைத்துக் காய்ச்சி ஜாடியில் வைத்திருக்கிறேன். மூன்றாம் தண்ணீர் ஆனதும் அத்தை கரண்டியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மருமகள் தாய்வீட்டுக்குக் கிளம்பும் நாளை மட்டும் ஒரு நாள் முன்னால் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, கிழக்கு வீடு